பேர் அக்கா

தம்பி இறந்த செய்தி வந்தபோது நான் நண்டு நிறுத்துக்கொண்டிருந்தேன். ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குக் கிட்ட, நண்டு வாங்கி ஐஸ் போட்டு அனுப்பும் ஒரு வாடியில் எனக்கு வேலை. அனலைதீவுப் படகு அப்போதுதான் வந்திருந்தது. தராசில் ஒரு கூடை இருந்தது. சுவிஸிலிருந்து பெரியம்மாவின் மகன் போன் எடுத்தான்.

"அக்கா, நிக்கிறியளோ, இருக்கிறியளோ?"

"நிக்கிறன்."

"இருங்கோ."

இருக்க அங்கே இடம் இல்லை. நின்றபடியே கேட்டேன். அங்கே இருந்த என் தம்பி வேலைக்குப் போகும் வழியில் பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டதாம். நான் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைத்தபிறகு அந்தக் கூடையை நிறுத்து முடித்தேன். அடுத்த கூடையையும் தூக்கி வைத்தேன். காலொடிந்த நண்டுகளைப் புறம்பாக எடுத்துப் போட்டேன். படகுக்கார அண்ணை, "ஆர் பிள்ளை போன்ல?" என்று கேட்டார். "சுவிஸிலயிருந்து" என்றேன். அது உண்மைதான். 

கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். அந்தப் பாரம் எனக்கு வைக்கப்படவில்லை. ஒழுங்கை முகப்பிலேயே அம்மாவின் குரல் கேட்டது. யாரோ எனக்கு முதல் சொல்லியிருந்தார்கள்.

உடலை இங்கே கொண்டுவர ஏலாது என்றார்கள். ஏன் என்று அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்தோம். சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்து, அம்மா கதிரையில், நான் நிலத்தில், சொந்தக்காரர் எல்லாரும் பின்னால். அங்கே பனி கொட்டிக் கிடந்தது. பெட்டியின் மேல் பாதி மட்டும் திறந்திருந்தது. அவன் முகம் நன்றாகத்தான் இருந்தது, யாரோ வடிவாகத் தலை வாரி இழுத்துவிட்டிருந்தார்கள்.

"காலைக் காட்டச் சொல்லு" என்றார் அம்மா.

"கால்ப்பக்கம் மூடியிருக்கம்மா."

"குளிருக்குக் காலுக்கு மேஸ் போட்டு விட்டவையோ எண்டு கேள்."

நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அதை யாரிடம் கேட்பது? அம்மா கொஞ்ச நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு படம் நின்று நின்று வந்தது. குருவானவரின் வாய் திறந்தபடி நின்றது. திரும்ப வந்தபோது பெட்டி இறங்கியிருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் போனார்கள். நான் எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டேன், பாயை விரித்தேன், எடுத்துச் சுருட்டினேன். காது இரண்டிலும் பஞ்சு அடைத்த மாதிரி எல்லாச் சத்தமும் தூரத்தில் இருந்தது. ஒரு கிழமை கழித்து வேலைக்குப் போனேன். ஐஸ்கட்டியில் கை விறைத்தபோது, இது பழக்கமான விறைப்பு என்று ஆறுதலாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதான் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஞாயிறு மத்தியானம் அவன் போன் எடுக்கும் நேரம். பூசைக்குப் போய்வந்து, சமைத்து, நான் சாப்பிட இருக்கும்போது அவனுக்கு அங்கே விடியல். அவன் ஓர் உணவகத்துக் குசினியில் வேலை செய்தான், ஞாயிறு லீவு. முதலில் அம்மாவுடன் கதைப்பான். சாப்பிட்டியோ, குளிரோ, மூச்சு முட்டுதோ என்று அம்மா கேட்பார். அது முடிந்ததும் போன் என்னிடம் வரும். எங்கள் இருவருக்கும் இடையில் கதைக்க மிச்சம் இருந்தது ஒரே ஒரு விஷயம்தான். பூனைகள்.

முதல் தரம் அவன் கேட்டபோது நான் பகிடி என்று நினைத்தேன்.

"அக்கா, ஒரு பூனைக்குப் பேர் சொல்லன்."

"பூனை வளக்கிறியோ?"

"இல்லை. பூனையா நடிக்கிறம்."

"உனக்கென்ன விசரோ?"

பொறுமையாக விளங்கப்படுத்தினான். ஒரு குறூப் இருக்கிறது. ஏழெட்டுப் பேர், எல்லாரும் எங்கள் ஆட்கள்தான், ஆளுக்கொரு நாட்டில். ஒருவரை ஒருவர் நேரில் கண்டதில்லை. ஒவ்வொருவரும் ஒரு பூனை. மனிதர் எல்லாரும் போய்விட்ட ஒரு தீவில் அந்தப் பூனைகள் மட்டும் நிற்கின்றன. அங்கே ஒரு வெளிச்சவீடு. அதன் நெருப்பு அணைந்தால் கடலிலிருந்து ஒரு பேய் ஏறிவரும். பூனைகளுக்கு மந்திரம் தெரியும், ஆனால் மந்திரம் செய்யும் ஒவ்வொரு தரமும் அந்தப் பூனையின் நிழலில் ஒரு துண்டு குறைந்துபோகும். ஒருவர், என் பூனை கூரையில் ஏறுகிறது என்று எழுதுவார். அடுத்தவர், என் பூனை கீழே நின்று பார்க்கிறது என்று எழுதுவார். இப்படியே கதை போகும். ஒரு கட்டளை மட்டும் உண்டு. அவரவர் பூனையைப் பற்றி அவரவர்தான் எழுதலாம். மற்றவரின் பூனையின் வாலைக்கூட நீங்கள் அசைக்கக்கூடாது.

"இதில உனக்கு என்ன கிடைக்குது?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை" என்றான். "நாள் முழுக்கக் கோப்பை கழுவுறன். பின்னேரம் பூனையா இருக்கிறன்."

அவனுக்கு எழுத வந்தது. பெயர் வைக்க வரவில்லை. ஒரு படைத்தலைவன் பூனைக்கு 'இராச மார்த்தாண்டன்' என்று வைத்திருந்தான்.

"வாசல்ல நிண்டு கூப்பிடுற மாதிரிக் கூப்பிட்டுப் பார்" என்றேன்.

அவன் போனிலேயே, "இராச மார்த்தாண்டா..." என்று இழுத்தான்.

"நீ கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள அது அடுத்த வீட்டுக் குசினியில மீனோட நிக்கும்."

அவன் நெடுநேரம் சிரித்தான். அன்றிலிருந்து எல்லாப் பூனைக்கும் என்னிடம்தான் வருவான். பூனை எப்படிப்பட்டது என்று சொல்வான், நான் கிழமை முழுக்க நண்டு நிறுக்கிறபோது யோசித்து வைத்து, ஞாயிறு சொல்வேன், அவன் மறக்காமல் இருக்க வொயிஸ் மெசேஜாகவும் அனுப்பிவிடுவேன். யோசிக்க யோசிக்க எனக்கே சில விஷயம் பிடிபட்டது. மூன்று எழுத்து, நாலு எழுத்துக்கு மேல் போனால் அது பூனைக்கு ஒட்டாது. கடைசி எழுத்து இழுத்துக் கூப்பிடக்கூடியதாக இருக்கவேண்டும். நிறத்தைக் கொண்டு வைக்கிற பெயர் நாய்க்குப் பரவாயில்லை, பூனைக்கு அது காணாது. பூனை எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, போனபிறகு என்ன மிச்சம் விடுகிறது என்று பார்க்கவேண்டும்.

சத்தமில்லாமல் வந்து வேவு பார்க்கும் ஒரு பெண்பூனைக்குப் பெயர் கேட்டான். 'பாசி' என்றேன். பார்த்தால் பச்சையாய், மெத்தென்று இருக்கும். காலை வைத்தால்தான் வழுக்குவது தெரியும். மருந்து செய்யும் கிழட்டுப் பூனைக்கு 'நாயுருவி' என்றேன்.

"பூனைக்குப் போய் நாயோ?"

"அது மருந்துச்செடியடா."

"தெரியும். அங்க மற்றப் பூனையள் விடுமே?"

விடவில்லையாம். நாயுருவி தன் பெயரைச் சொன்னாலே மற்றப் பூனைகளுக்கு மயிர் சிலிர்ப்பதும், அது அதற்காகவே பெயரை உரத்துச் சொல்வதும் கதையில் பெரிய பகிடியாகிவிட்டதாம். மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை நினைத்து ஓர் ஓட்டக்காரப் பூனைக்குக் 'கச்சான்' என்று வைத்தேன். பிறநாட்டில் பிறந்தவர்களுக்குக் காற்று தெரியாது. வறுத்துக் கொறிக்கும் கச்சான் கடலை என்று நினைத்துக்கொண்டார்கள். திருத்தப் போகவில்லை, அதுவும் அந்தப் பூனைக்குப் பொருந்தித்தான் இருந்தது.

எனக்கே பிடித்தது பொல்லாத பூனைக்கு வைத்த பெயர். எல்லாரையும் காட்டிக்கொடுக்கப் போகிற பூனை, பயங்கரமான பெயராக ஒன்று சொல் என்றான். 'செல்லம்' என்றேன். 

"அக்கா, எனக்கே பயமாக் கிடக்கு."

தன் பூனைக்கு மட்டும் அவன் ஒன்றும் விவரம் சொல்லவில்லை. "நீயே பாத்து வை, என்னைத் தெரியும்தானே" என்றான். 'ஒடியல்' என்றேன். பனங்கிழங்கைக் கீறி வெயிலில் போட்டு எடுப்பது. மெலிந்து, விறைத்து, கடித்தால் பல்தான் நோகும். சின்ன வயதிலிருந்து அவன் அப்படித்தான் இருந்தான். "மரியாதை கெட்ட பேர்" என்று சொல்லிவிட்டு அதையே வைத்துக்கொண்டான்.

அவன் போய் மூன்றாம் ஞாயிறோ நாலாம் ஞாயிறோ, மத்தியானம் போன் அடித்தது. தெரியாத வெளிநாட்டு நம்பர். நான் சோற்றுக் கோப்பையோடு இருந்தேன்.

ஒரு பெண்குரல், தயங்கித் தயங்கி வந்தது. "வணக்கம். நீங்கள் பேர் அக்காவோ?"

"ஆர்?"

"பேர் அக்கா. பூனையளுக்குப் பேர் சொல்லுறவ. உங்கட தம்பி உங்கட வொயிஸை எங்களுக்குப் போடுறவர். குரலைக் கேட்டவுடனை தெரிஞ்சிட்டுது." பிறகு அவசரமாகச் சொன்னாள்: "நான் பாசி."

தன் சொந்தப் பெயரையும் சொன்னாள். அந்தப் பதற்றத்தில் அது என் காதில் விழவில்லை. பிறகு கேட்க வெட்கமாக இருந்தது. இன்றுவரை அவள் எனக்குப் பாசிதான். ஜேர்மனியில் பிறந்தவள், தாய் தகப்பன் புங்குடுதீவு. அவள் கதைத்த தமிழ் எங்கள் ஊரில் இப்போது யாரும் கதைக்காத அளவுக்குப் பழைய ஊர்த்தமிழாக இருந்தது.

"ஏன் எடுத்தனீர்?" என்று கேட்டேன்.

"அவர் வரேல்ல. ஒரு சொல்லும் சொல்லாமல் நிண்டிட்டார். முந்தி ஒருக்கா உங்கட நம்பரை எனக்கு அனுப்பினவர், தான் இல்லாத நேரம் பேர் வேணுமெண்டால் கேளுங்கோ எண்டு. அதுதான் எடுத்தனான். குறை நினைக்காதேங்கோ. அவர் கிணத்துக்க நிக்கிறார்."

"எந்தக் கிணத்துக்க?"

"ஒடியல். வெளிச்சவீட்டின்ர நெருப்புக்கல்லு கிணத்துக்க விழுந்திட்டுது. ஒடியல்தான் மெல்லிசு எண்டு அவர் இறங்கினவர். 'நான் இறங்கிறன், மேல நில்லுங்கோ' எண்டு எழுதினார். அதுக்குப் பிறகு ஒண்டும் எழுதேல்ல. நாங்கள் எல்லாரும் மேல நிக்கிறம். அவருக்கு ஏதும் கோவமோ?"

"செத்துப்போனான்" என்றேன்.

அதை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தரம். சொன்னபிறகு கோப்பையில் கிடந்த மீன் முள்ளை ஒதுக்கினேன். மறுபக்கத்தில் அவள் அழத் தொடங்கினாள். வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சு எடுக்க ஏலாமல் அழுதாள். என் தம்பியை ஒரு நாளும் கண்டிராத ஒரு பெண் அப்படி அழுததை நான் போனைக் காதோடு பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

"எப்ப?" என்று கேட்டாள்.

சொன்னேன். அவன் கிணற்றுக்குள் இறங்குவதாக எழுதியதற்கு அடுத்த நாள்.

"எங்களுக்குத் தெரியாது" என்றாள். "நாங்கள் அவரைப் பேசினனாங்கள், அக்கா. எங்களை நிக்க விட்டுட்டுப் போட்டார் எண்டு."

"அதுக்கென்ன. தெரியாமல்தானே பேசினனீங்கள்."

இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்ப எடுத்தாள். குறூப்பில் எல்லாரும் கதைத்தார்களாம். ஒடியலை என்ன செய்வது என்று தெரியவில்லையாம். ஒருவர், அந்தப் பூனையைத் தான் ஏற்று எழுதுகிறேன் என்றாராம், மற்றவர்கள் விடவில்லையாம். இன்னொருவர், கதையையே நிப்பாட்டுவோம் என்றாராம். அவர்களது கட்டளைப்படி அவனுடைய பூனையை அவன் தவிர யாரும் அசைக்கக்கூடாது.

"நீங்கள்தானே பேர் வைச்சனீங்கள். நீங்கள் சொல்லுறதைச் செய்யிறம்."

"எனக்கு ஒண்டும் தோன்றேல்ல" என்றேன். உண்மையில் ஒன்றும் தோன்றவில்லை. பூனை என்ற சொல்லே வெறும் சத்தமாக இருந்தது.

போனை வைத்ததும் அம்மா கேட்டார். "ஆரடி அது? அண்டைக்கும் எடுத்தது."

அம்மாவுக்கு இந்தப் பூனை விஷயம் ஒன்றும் தெரியாது. நாங்கள் அக்கா தம்பி ஏதோ பகிடி விட்டுச் சிரிக்கிறோம் என்று விட்டுவிடுவார். நான் சொன்னேன். தம்பி அங்கே பூனையாக விளையாடினவன், சேர்ந்து விளையாடினவர்கள் எடுக்கிறார்கள், அவன் விளையாட்டில் ஒரு கிணற்றுக்குள் இறங்கினபடி நிற்கிறான், அதற்குப் பிறகு என்ன செய்வதென்று கேட்கிறார்கள். சொல்லும்போது எனக்கே விசர்க்கதையாக இருந்தது. அம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன்.

அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"இன்னும் உள்ளுக்கையோ?"

"விளையாட்டில, அம்மா."

"விளையாட்டோ என்னவோ. பிள்ளையைத் தண்ணிக்க விட்டுட்டு மேல நிண்டு கதைச்சுக்கொண்டிருக்கினமோ? வெளிய எடுக்கச் சொல்லு."

"அவனைத் தவிர வேற ஆரும் அவனை அசைக்க ஏலாதாம்."

"அந்தக் கிணத்தில தண்ணி அள்ளுற துலா இல்லையோ?"

 அம்மா திரும்பத் தேங்காயைத் திருவத் தொடங்கினார். திருவிக்கொண்டே, "நீ போய் எடு" என்றார். "நீ அவன்ர தமக்கை. உனக்கு ஆர் என்ன சொல்லுறது?"

பாசியிடம் சொன்னேன். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அப்ப நீங்கள் உள்ள வாங்கோ. ஒரு பூனை வேணும் உங்களுக்கு. என்ன பேர்?"

எத்தனையோ பூனைக்குச் சொன்ன வாய். எனக்கென்று வந்தபோது அடைத்துக்கொண்டது. வேலையிடத்தில் நின்று யோசித்தேன். வாடை, கொண்டல் என்று காற்றுகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் வேறு பூனைகளுக்குக் கொடுத்தாயிற்று. தாழை, ஈச்சை, இப்பி என்று கண்ணில் படுகிறதை எல்லாம் சொன்னேன். எல்லாம் நல்ல பெயர்கள். ஒன்றும் என்னை அழைக்கிற மாதிரி இல்லை. முன்பு ஒரு பூனையின் குணத்தைத் தம்பி சொல்வான், அதைப் பிடித்துக்கொண்டு நான் போவேன். என் குணம் என்ன என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. நானே சொல்லப் பார்த்தேன்: நாற்பதை நெருங்கும் ஒரு பூனை. அழாது. கொடுத்த வேலையைச் செய்யும். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

கடைசியில் குணத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். அந்தப் பூனை எதற்காக அங்கே போகிறது? கிணற்றிலிருந்து ஓர் ஆளைத் தூக்க. அம்மா சொன்ன சொல் அப்போதுதான் திரும்பக் காதில் விழுந்தது. 'துலா'. இரண்டெழுத்து. இழுத்துக் கூப்பிடலாம். ஒரு முனை தாழ மறுமுனை எழும்பும். வாடிக்குப் பின்னால் போய் ஒருவரும் இல்லாத இடத்தில் மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல ஏலாது. ஒரு சாவி பூட்டுக்குள் போன மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிறு மத்தியானம் எல்லாரும் வருவதாகச் சொன்னார்கள். அம்மா சாப்பாட்டை வேளைக்கே முடித்துவிட்டு என் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். வருகிறதை நான் வாசித்துச் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. எனக்கு விரல் ஓடாது, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எழுதினேன்.

துலா என்ற சாம்பல் நிறப் பூனை கிணற்றுக் கட்டில் ஏறி நிற்கிறாள் என்று எழுதினேன்.

பாசி பக்கத்தில் வந்து நிற்கிறாள், இவ்வளவு நாளும் இங்கேதான் நின்றாள் என்று பதில் வந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கச்சான் கயிறு கொண்டு ஓடிவந்தான். நாயுருவி மருந்துப்பையோடு வந்து, தன் பெயரை இன்று உரத்துச் சொல்லவில்லை என்று எழுதினார். செல்லமும் வந்தது. அந்தப் பொல்லாத பூனையாக எழுதுகிறவர் நோர்வேயில் பிள்ளைகுட்டியோடு இருக்கிற ஒரு மனிதர் என்று பாசி சொல்லியிருந்தாள். செல்லம் தள்ளி இருக்கிறது, இன்று யாரையும் கடிக்காது என்று எழுதினார்.

"அது ஆர்?" என்று அம்மா கேட்டார்.

"அது கெட்ட பூனை, அம்மா."

"பரவாயில்லை, வந்திருக்குது."

நான் வாளியை இறக்கினேன். இழுத்தேன். கயிறு பாரமாக இருக்கிறது என்று எழுதினேன். அதோடு நின்றுவிட்டேன். இனி எழுதவேண்டியது ஒடியலைப் பற்றி. என் விரல் அந்த இடத்தில் நின்றது. ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. அத்தனை நாட்டிலும் அத்தனை பேரும் போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். பிறகு குறூப்பை நடத்துகிறவர், கதைக்கு வெளியே நின்று, ஒரு வரி போட்டார்: "அக்கா, ஒடியலை நீங்கள் எழுதலாம்."

எழுதினேன். வாளிக்குள் ஒடியல் சுருண்டு படுத்திருக்கிறான். மயிரெல்லாம் நனைந்திருக்கிறது. வாயில் நெருப்புக்கல் இருக்கிறது. அவன் எழும்பவில்லை.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"கல்லை எடுத்திட்டானோ?" என்றார்.

"ஓம்."

"எடுப்பான். முகத்தைத் துடைக்கச் சொல்லு."

துலா அவனுடைய முகத்தை நக்கித் துடைக்கிறாள் என்று எழுதினேன். நாயுருவி காதுகளைத் துடைத்தார். பாசி வாலைத் துடைத்தாள். கச்சான் கல்லை எடுத்துக்கொண்டு வெளிச்சவீட்டுக்கு ஓடினான். அடக்கம் எங்கே என்று நடத்துகிறவர் கேட்டார். அம்மாவிடம் கேட்டேன்.

"கடற்கரையில வேண்டாம். காத்தடிக்கும். மரத்துக்குக் கீழ வைக்கச் சொல்லு. என்ன மரம் நிக்குது அங்க?"

"என்ன மரமும் நிக்கும். நாங்கள் சொன்னால் சரி."

அம்மா யோசித்தார். "அப்ப பூவரசு."

பூவரசுக்குக் கீழே தோண்டினார்கள். ஒவ்வொரு பூனையும் தன் நிழலில் ஒரு துண்டைக் கிழித்துக் குழிக்குள் போட்டது. அதை அவர்கள் தாங்களாகவே யோசித்துச் செய்தார்கள், எனக்கு முன்பே சொல்லவில்லை. செல்லம் கடைசியாக வந்து மற்ற எல்லாரையும் விடப் பெரிய துண்டைப் போட்டுவிட்டுப் போனது. நான் வாசித்துக்கொண்டு வந்தேன். என் குரல் எங்கும் தடுக்கவில்லை. பக்கத்தில் அம்மா அழுதார். ஒப்பாரி இல்லை, அடக்கத்தன்று அழுத மாதிரியும் இல்லை. முந்தானையால் துடைத்துத் துடைத்து அமைதியாக அழுதார். அது முடிந்தபிறகு எழும்பிப்போய்ப் பானையைத் திறந்து, ஆறின சோற்றில் கொஞ்சம் போட்டுத் திரும்பச் சாப்பிட்டார். அவன் போனபிறகு அம்மா இரண்டாம் தரம் சோறு போட்டதை அன்றுதான் கண்டேன்.

ஆவணி விடுமுறையில் பாசி வந்தாள். தாய் தகப்பனோடு புங்குடுதீவுக்கு வந்து, பழைய வீட்டைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் தனியாக எங்களிடம் வந்தாள். முப்பது வயதிருக்கும். கண்ணாடி போட்ட, உயரமான பெண். பஸ்ஸால் இறங்கி வெயிலில் நின்றவளைப் பார்த்ததும், சத்தமில்லாமல் வரும் பூனைக்கு இவள் சரியில்லையே என்றுதான் முதலில் நினைத்தேன். கையில் மூன்று பை, காலில் சத்தமிடும் செருப்பு.

அம்மாவுக்கும் அவளுடைய பெயர் தெரியாது. "பாசி, வா பிள்ளை, இரு பிள்ளை" என்றார். அவள் திருத்தவில்லை. நண்டுக்கறி வைத்தோம். உறைப்பில் மூக்கு ஓட ஓடச் சாப்பிட்டாள். புங்குடுதீவு வீட்டைப் பற்றி அம்மா கேட்டார். கூரை இல்லை, கதவு இல்லை, உள்ளே வேப்பமரம் நிற்கிறது என்றாள். அப்பா வெளியில் நின்றபடியே பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார் என்றாள்.

சாப்பிட்டு முடிந்து வெளியே மாமரத்துக்குக் கீழ் இருந்தோம்.

"அவர் எப்பவும் 'அக்காவைக் கேட்டுச் சொல்லுறன்' எண்டுதான் சொல்லுவார்" என்றாள். "நாங்கள் பகிடி பண்ணுவம். சாப்பிடவும் அக்காவைக் கேட்டோ எண்டு." சொல்லிக்கொண்டே அழத் தொடங்கிவிட்டாள். அம்மா அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் எழும்பிப்போய்த் தேத்தண்ணி போட்டேன்.

கொண்டுவந்து கொடுத்தபோது அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்கு அழுகை வராதோ?"

"வரேல்ல. ஏனெண்டு தெரியேல்ல."

"என்னிலை கோவமோ, கேட்டதுக்கு?"

"இல்லை. நீர் தேத்தண்ணியைக் குடியும், ஆறிப்போகும்."

பின்னேர பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். யன்னலால் கையை நீட்டினாள். பிடித்தேன். சூடான கை. பஸ் போனபிறகு என் கையை ஒருதரம் பார்த்துக்கொண்டேன். பிறகு வீட்டுக்கு நடந்தேன். வழியில் பாணும் நெருப்புப்பெட்டியும் வாங்கினேன்.

குறூப்பில் நான் இன்னும் இருக்கிறேன். துலா அதிகம் பேசமாட்டாள். கிணற்றுப் பக்கம் நிற்பாள், பாரம் தூக்கவேண்டி வந்தால் கூப்பிடுவார்கள். புதிதாக யாரும் சேர்ந்தால் பெயர் என்னிடம்தான் கேட்கிறார்கள். சொல்கிறேன். முந்தின மாதிரி ஓடி வருவதில்லை, ஆனால் வருகிறது. ஞாயிறு மத்தியானம் போன் சத்தம் கேட்டால் அம்மா, "இண்டைக்கு என்னவாம்?" என்று கேட்பார். யார் யாரோடு சண்டை, கடல்பேய் எந்தப் பக்கம் வந்தது, நெருப்பு எரிகிறதா என்று சொல்வேன். அம்மா செல்லத்தின் பக்கம். அது திருந்திவிட்டது என்று அம்மாவுக்கு நம்பிக்கை. எனக்கு இல்லை.

போன கிழமை கனடாவிலிருந்து ஒரு புதுப் பெண் சேர்ந்தாள். அவளுடைய பூனை வெளிச்சவீட்டுக்கு மேலே காவல் நிற்கும் பூனை, ஆனால் மழைக்குச் சரியான பயமாம். நான் நாலைந்து நாள் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. அம்மாவிடம் சும்மா சொன்னேன்.

"மாரி எண்டு வையன்" என்றார்.

"மழைக்குப் பயந்த பூனைக்கு மாரியோ?"

"ஓம். ஆக்களும் அப்பிடித்தானே பேர் வைக்கிறவை."

சரிவராது என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா விடவில்லை. அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது, அந்தப் பெண்ணுக்கு நல்லாய்ப் பிடித்திருக்கிறதாம். அம்மாவிடம் சொன்னேன்.

"பின்ன" என்றுவிட்டு அம்மா மீன் வெட்டப் போனார்.